துளியும் தடமும்

பிறந்து ஒரு நாள் முடிவதற்குள் நறுமுகையின் மகனை நோயாளி என்று சொல்லிவிட்டார்கள். அவனைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். காலை உதைத்தான். கண்ணை உருட்டினான். பால் கொஞ்சம் தாமதமானால் அடுத்த அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான்.

"இந்தக் கத்து கத்துறவனுக்கு என்ன டாக்டரம்மா நோய்?" என்று கேட்டாள் மாமியார் முருகேஸ்வரி. பேரனைத் துணியோடு சேர்த்து மார்பில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் ஃபர்ஹானா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தேனியில் அந்த மகப்பேறு மருத்துவமனையை அவர்தான் நடத்திவந்தார். ஐம்பது வயது, அவசரமில்லாத பேச்சு.

"துளி டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கும்மா. பையன் ரத்தத்துல கிருமி இறங்கியிருக்கு."

அந்த வருஷங்களில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் துளி டெஸ்ட் கட்டாயம் ஆகியிருந்தது. குதிகாலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் முடிவு வந்துவிடும்.

"உடம்பு சுடலயே. பால் நல்லாக் குடிக்கிறான்" என்றான் நறுமுகையின் கணவன் கவின்ராஜ்.

"பால் குடிக்காம துவண்டு போற வரைக்கும் காத்திருந்தா லேட் தம்பி. முன்னெல்லாம் அப்படித்தான் கண்டுபிடிச்சோம். ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்து, முடிவு வர ரெண்டு நாள் ஆகும். நிறையப் பிள்ளைங்க அந்த ரெண்டு நாள் தாங்கல. இப்போ அப்படி இல்ல. வீட்டுக்குள்ள திருடன் கால் வச்சதும் நாய் குரைக்குதுல்ல? அதே மாதிரி கிருமி நுழைஞ்சதுமே உடம்பு ரத்தத்துல சில பொருள்களை அனுப்பிடும். துளி டெஸ்ட் அந்தக் குரைப்பைக் கேட்டுடும். திருடன் பீரோவைத் திறக்குறதுக்கு முன்னாடி நாம போய்ப் பிடிச்சிடலாம்."

"எங்க தெரு நாயி இலை அசைஞ்சாலும் குரைக்கும்" என்றாள் முருகேஸ்வரி.

டாக்டர் சிரித்துவிட்டார். "இது உங்க தெரு நாய் இல்லம்மா. இது குரைச்சா ஆள் இருக்குன்னு அர்த்தம். எந்த ஆள்னும் சொல்லிடுச்சு. அதுக்குச் சரியான ஊசியும் எடுத்து வச்சாச்சு. பையனைக் கொடுங்க."

முருகேஸ்வரி கொடுக்கவில்லை. டாக்டர் கையை நீட்டியபடியே பொறுமையாக இருந்தார். கடைசியில் நறுமுகைதான், "கொடுங்க அத்தை" என்றாள். சொன்னபிறகு அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

பிள்ளை கண்ணாடிச் சுவர் வைத்த குழந்தைகள் வார்டுக்குப் போனான். போகும்போதும் கத்திக்கொண்டே போனான்.

"எங்கிருந்து டாக்டர் வந்திருக்கும்?" என்று கேட்டான் கவின்ராஜ். எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

டாக்டர் கதவருகில் நின்றார். "அது தடம் டெஸ்ட். அட்மிஷன் அன்னைக்கு உங்க வீட்டுல எல்லாரும் சாம்பிள் கொடுத்தீங்கல்ல, பையனோட கிருமியை அதோட ஒத்துப் பார்க்கணும். நாளைக்கு மத்தியானம் வரும். நறுமுகை போனுக்கு மட்டும்தான் வரும். அவங்க கட்டைவிரல் வச்சாத்தான் திறக்கும். அது சட்டம்."

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. தடம் டெஸ்ட் புதிதாக வந்தபோது முடிவு வீட்டில் எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. கிருமி மேலும் பரவாமல் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் மக்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். தடத்தில் பெயர் வந்த பாட்டிகளைப் பிள்ளையிடம் அண்டவிடவில்லை. வேலைக்காரப் பெண்களைப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்தார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக வந்த பெயர், பெற்றவளின் பெயர். அதனால் அரசாங்கம் தாயின் கட்டைவிரலைக் காவலுக்கு வைத்தது. ஆனால் கட்டைவிரல் இருப்பது மருமகளின் கையில், மருமகள் இருப்பது மாமியாரின் வீட்டில். தூங்குகிறவளின் விரலை எடுத்துப் போனில் வைத்த கதைகள் ஊருக்கு நாலு உண்டு.

நறுமுகைக்கு அப்படி ஒரு கதை நேரிலேயே தெரியும். போடியில் ஏலக்காய் ஏல மையத்தில் அவளோடு வேலை பார்த்த ஹேமலதாவின் கதை. தடத்தில் அவள் பெயர் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அவள் தொட்டபிறகெல்லாம் மாமியார் பிள்ளையை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள். பிறகு புட்டிப்பாலுக்கு மாற்றினாள். இப்போது ஹேமலதா தனியாக ஒரு அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

டாக்டர் போனதும் முருகேஸ்வரி விசாரணையை ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி வந்து கன்னத்தைக் கிள்ளினாளே, அவளா இருக்குமோ?"

"அவங்க சாம்பிளே கொடுக்கலம்மா. வந்தா 'வெளி ஆள்'னு வரும்" என்றான் கவின்ராஜ்.

"உனக்குப் போன வாரம் சளி பிடிச்சுச்சு."

"என்னைத்தான் பிள்ளைய தூக்கவே விடலயே நீ."

"அப்ப யாருடா? காத்துல வந்துச்சா?" என்ற முருகேஸ்வரி, கொஞ்சம் நிறுத்தி, யாரையும் பார்க்காமல், "பெத்தவகிட்ட இருந்துதான் நிறைய வருதாம். நம்ம மேலத்தெருவுல அப்படித்தான் வந்துச்சு" என்றாள்.

நறுமுகை போர்வைக்குள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

முருகேஸ்வரி கெட்டவள் அல்ல. நறுமுகைக்கு அம்மா கிடையாது. அதனால் முதல் பிரசவம் புகுந்த வீட்டுப் பொறுப்பாகிவிட்டது. ஐந்தாம் மாதத்திலிருந்து மருமகளைத் தரையில் குனியவிடாமல் பார்த்துக்கொண்டவள் முருகேஸ்வரி. ராத்திரி கால் வீங்கினால் அமுக்கிவிட்டவள் முருகேஸ்வரியின் மகள் தர்ஷினி. கவின்ராஜின் அக்கா. இவ்வளவு நல்லவர்கள் நாளைக்கு எப்படி மாறுவார்கள் என்று தெரியாததுதான் நறுமுகைக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் தர்ஷினி சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். காலித் தொட்டிலைப் பார்த்தாள். அம்மா சொன்னதைக் கேட்டாள். தடம் என்ற வார்த்தை வந்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"டாக்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று வெளியே போனாள்.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"அம்மா, தடம் கிடம் எதுவும் பார்க்க வேண்டாம். நான்தான் பிள்ளைக்குச் சேனை வச்சேன்."

முருகேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள்.

சேனை வைப்பது அந்தப் பக்கத்தில் சாதாரண விஷயம் அல்ல. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீரை ஒரு சொட்டு விரலால் தொட்டு வைப்பார்கள். வைத்தவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. யார் வைப்பது என்பதில் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது உண்டு. முருகேஸ்வரி தன் தம்பியைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் டாக்டர் ஃபர்ஹானா, தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். தாசில்தார் ஆப்பிள் பையை மேஜையில் வைத்து, பிள்ளையைத் தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்படிப்பட்ட சேனையைத் தர்ஷினி வைத்தாளாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து ஒரு சூட்கேஸோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பிறந்த பிள்ளை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு புருஷனோடு ஒத்துப்போகவில்லை. இவ்வளவுதான் வீட்டுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"எப்போடி வச்ச?" முருகேஸ்வரியின் குரல் தாழ்ந்திருந்தது.

"நேத்து நீங்க காபி குடிக்கப் போனப்ப. முகை அசந்து தூங்கிட்டிருந்தா. ஆசையா இருந்துச்சு, வச்சுட்டேன்."

"உனக்கு எதுக்குடி அந்த ஆசை? வாழாவெட்டியா வந்து கிடக்குற. உன் ராசியை என் பேரன் நாக்குல தடவிட்டியா?"

"அம்மா, ஆஸ்பத்திரிம்மா" என்றான் கவின்ராஜ். ஆனால் அவனும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நறுமுகைக்கு வந்தது கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், மடக்கி வைத்திருந்த கட்டைவிரல் தானாக விரிந்தது அவளுக்கே தெரிந்தது. அந்த நிம்மதியை மறைக்கத்தானோ என்னவோ, கோபம் இரண்டு மடங்காக வெளியே வந்தது.

"உங்க விரலை இனிமே என் பிள்ளைகிட்ட கொண்டுவராதீங்க மதினி."

தர்ஷினி அவளைப் பார்த்தாள். "சரி முகை" என்றாள். "ரசம் சூடா இருக்கு. ஆறுறதுக்குள்ள குடிச்சுடு."

கவின்ராஜ் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு தடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டால் விசாரணை எதற்கு?

மறுநாள் காலையில் நறுமுகையைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் மகன் கையில் ஊசிக்குழாயோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

பக்கத்துத் தொட்டிலில் இன்னொரு குழந்தை. மலைமேல் ஒரு எஸ்டேட்டில், ஜீப் வருவதற்குள் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்ததாம். துளி டெஸ்ட் அங்கே போய்ச் சேரவில்லை. பால் குடிக்க மறுத்தபிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். அதன் மூச்சை ஒரு மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. தோல் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அதன் தாய், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கிருமிதான்" என்றார் நர்ஸ் ஜெபமலர். "உங்க பையன்கிட்ட நாங்க முன்னாடியே போயிட்டோம். இவன்கிட்ட பின்னாடி போனோம். ஆனா நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல. விடமாட்டோம்."

நறுமுகை தன் மகனைப் பார்த்தாள், அந்தக் குழந்தையைப் பார்த்தாள், மறுபடி தன் மகனைப் பார்த்தாள். நடக்காமல் போன ஒன்றை அவள் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகனின் குதிகாலில் ஊசி குத்திய இடத்தில் கடுகளவு ஒரு புள்ளி இருந்தது. குனிந்து அந்த இடத்தில் முத்தம் வைத்தாள். ஜெபமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது.

"நீங்க அழுதா பால் குறையும்" என்றார் ஜெபமலர். "அப்புறம் உங்க பையன் எங்க காதைத்தான் கிழிப்பான்."

மத்தியானம் டாக்டர் ஃபர்ஹானா அவளைப் பாலூட்டும் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"தடம் வந்திருக்கு. திறந்து பாருங்க."

"வேண்டாம் டாக்டர். அதான் தெரிஞ்சுபோச்சே."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"மதினி சேனை வச்சுட்டாங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா டாக்டரா சொல்றேன், திறந்து பாருங்க. அடுத்த பிரசவத்துக்கு நீங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விஷயம் அதுல இருக்கு."

நறுமுகைக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் கட்டைவிரலை வைத்தாள். திரையில் ஒரே ஒரு வரி. தாய் என்று இருந்தது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் என்ன டாக்டர் பண்ணேன்? சுத்தமாத்தானே இருந்தேன்."

"சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது நிறையப் பொம்பளைங்க உடம்புல பேசாம இருக்கிற கிருமி. என் உடம்புலகூட இருக்கலாம். நமக்கு ஒண்ணும் செய்யாது. பிள்ளை வெளிய வர்ற வழியில அதுமேல ஒட்டிக்கும். ஒட்டின பிள்ளைங்கள்ல எங்கேயோ ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் ரத்தத்துல இறங்கும். ஏன் அதுக்கு மட்டும்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. அடுத்த பிரசவத்துல வலி எடுத்ததும் உங்களுக்கு ஒரு ஊசி போட்டுடுவோம். அவ்வளவுதான்."

"பால் கொடுக்கலாமா?"

"கொடுக்கணும்."

நறுமுகை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"அப்போ சேனை?"

"அவங்க எதையும் வைக்கல" என்றார் டாக்டர். "நேத்து என் ரூமுக்கு வந்தாங்க. 'பிள்ளைக்குச் சரியான மருந்து கொடுத்தாச்சா'ன்னு கேட்டாங்க. கொடுத்தாச்சுன்னேன். 'எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது தப்பாச் சொன்னா மருந்தை மாத்துவீங்களா'ன்னு கேட்டாங்க. மாத்தமாட்டோம், அது துளி டெஸ்ட்டோடயே முடிவாயிடும்னேன். 'சேனை வச்சா கிருமி வருமா'ன்னு கேட்டாங்க. வரும்னேன். எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. வச்சீங்களான்னு பிடிச்சு உக்கார வச்சுக் கேட்டேன். 'இல்ல டாக்டர். ஆனா வச்சதா இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அப்போ புரியல. இன்னைக்கு இந்த முடிவைப் பார்த்ததும் புரிஞ்சுது."

வார்டு ஜன்னலோரம் போய் நின்று நறுமுகை தர்ஷினிக்குப் போன் பண்ணினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பிள்ளை நல்லாருக்கானா?"

"நல்லாருக்கான் மதினி. நான் தடத்தைப் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "யாராச்சும் கூட இருந்தாங்களா பாக்கும்போது?"

"டாக்டர் மட்டும்தான்."

"அப்ப சரி. அதை அழிச்சுடு. அழிக்க முடியாதோ? பூட்டி வை."

"உங்களுக்கு எப்படித் தெரியும், என் பேருதான் வரும்னு?"

"தெரியாது. வந்துட்டா என்ன பண்றதுன்னுதான். திருப்பூர்ல எனக்கு வந்துச்சே."

நறுமுகை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இருந்த மெஷினு இப்ப மாதிரி சீக்கிரம் சொல்லாது முகை. பிள்ளை போனதுக்கப்புறம்தான் என்ன நோய்னே சொல்லுச்சு. ஆனா யாரால வந்துச்சுங்கறதை மட்டும் நல்லாச் சொல்லுச்சு. எல்லார் போன்லயும் ஒரே நேரத்துல டிங்குனு வந்துச்சு. மாமனார், மாமியார், கொழுந்தன், அவரு. நான் நடு ஹால்ல உக்காந்திருக்கேன், ஆளாளுக்குப் போனைப் பாத்துட்டு என்னைப் பாக்குறாங்க. யாரும் திட்டக்கூட இல்ல. சூட்கேஸை மட்டும் எடுத்து வச்சாங்க."

"அத்தைக்குத் தெரியாதா?"

"சொல்லல. ஒத்துப்போகலன்னு சொல்லிட்டேன். சொல்லி, அம்மாவும் அதை நம்பிட்டா நான் எங்க போறது?"

"நான் உங்களை அப்படிப் பேசிட்டேனே."

"நல்லாப் பேசினே. நீ பேசினதாலதான் எல்லாரும் நம்பினாங்க. இல்லேன்னா எங்கம்மா வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்ணியிருக்கும்." தர்ஷினி சிரித்தாள். "இங்க பாரு, எனக்கு ஏற்கெனவே பேரு கெட்டுக் கிடக்கு. அதுமேல இன்னொண்ணு விழுந்தா அடையாளமே தெரியாது. உனக்கு அப்படி இல்ல. நீ பிள்ளையோட அந்த வீட்டுல வாழணும். வாயைத் திறக்காத. எனக்காக."

நறுமுகை வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் ஊசி போட்டார்கள். அந்த ஒரு வாரமும் அவள் பேசாமல் இருந்தாள். தர்ஷினிக்குக் கொடுத்த வாக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் என்பது அவளுக்குத் தெரியும்.

பேசாமல் இருந்தாலும் கணக்கு போட்டுக்கொண்டேதான் இருந்தாள். மசக்கையில் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்தது யார். பெற்ற அம்மா இல்லையே என்று அழுதபோது, "எனக்கு அம்மா இருந்தும் என்னைப் பாக்க அதுக்கு நேரமில்ல, வா சேர்ந்து அழலாம்" என்று சொல்லிச் சிரிக்கவைத்தது யார். தன் பிள்ளை போன வலியோடு, இன்னொருத்தியின் வயிற்றில் கைவைத்து அது உதைப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது யார். டாக்டருக்கு நன்றி சொல்லியாகிவிட்டது. ஜெபமலருக்குச் சொல்லியாகிவிட்டது. மெஷினைப் பார்த்துக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டாகிவிட்டது.

மலைமேலிருந்து வந்த குழந்தைக்கு மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். அது மெல்லிசாக ஒரு அழுகை அழுதது. அதன் தாய் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தாள். நறுமுகையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவுது பாருங்க, அழுவுது பாருங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. முருகேஸ்வரி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை பேரனைக் கொஞ்சினாள்.

"தர்ஷினி இருக்க மாட்டா" என்றாள் நடுவில். "கோயம்புத்தூர்ல ஒரு ஹாஸ்டல்ல இடம் சொல்லியிருக்கேன். வேலையும் தேடிக்கட்டும். சாயங்காலம் நாம வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கிளம்பிடச் சொல்லியிருக்கேன். எதிர்ல நிக்க வேண்டாம். பெத்த பொண்ணுதான். என்ன பண்றது, பச்சப்பிள்ளை இருக்கிற வீடு."

சொல்லிவிட்டு ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

நறுமுகை மடியில் கிடந்த மகனைப் பார்த்தாள். அவன் பால் குடித்த மயக்கத்தில் வாயை மட்டும் சப்பிக்கொண்டிருந்தான். இவன் தாயிடமே இருக்க ஒருத்தி தன் வீட்டை விட்டுப் போகிறாள். இனி ஒவ்வொரு முறை இவனைத் தூக்கும்போதும் அது ஞாபகம் வரும்.

"அத்தை, மதினி சேனை வைக்கல."

முருகேஸ்வரி நிமிர்ந்தாள்.

"பிள்ளைக்கு வந்தது என்கிட்ட இருந்துதான்." நறுமுகை போனை எடுத்து, யாரும் கேட்காமலேயே தன் கட்டைவிரலை வைத்துத் திறந்து நீட்டினாள். இன்னொரு கை மகனை அணைத்திருந்தது.

முருகேஸ்வரி அந்த ஒரு வரியைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் படித்தாள். நறுமுகை காத்திருந்தாள். பிள்ளையைக் கொடு என்று கை நீளும் என்று எதிர்பார்த்தாள்.

"அப்ப அவ எதுக்குப் பொய் சொன்னா?"

நறுமுகை மகனின் போர்வையைச் சரிசெய்தாள். அது அவள் சொல்ல வேண்டிய கதை அல்ல.

"கேக்குறேன்ல. செய்யாததை எதுக்கு ஒருத்தி செஞ்சேன்னு சொல்லணும்? நான் என்ன பேச்சு பேசினேன் அவளை."

"இதுல பேரு வந்தா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும் அத்தை."

"அவளுக்கு எப்படி..." என்று ஆரம்பித்த முருகேஸ்வரி நிறுத்திக்கொண்டாள்.

மடித்து வைத்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சூட்கேஸோடு வாசலில் வந்து நின்ற முகத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள் என்று நறுமுகைக்குத் தோன்றியது. ஒத்துப்போகவில்லை என்று மகள் சொன்னபோது, அனுசரித்துப் போகத் தெரியாதவள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவள் அவள்.

டாக்டர் ஃபர்ஹானா கடைசியாக ஒருமுறை பிள்ளையைப் பார்க்க உள்ளே வந்தார். பையன் டாக்டரின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"டாக்டரம்மா" என்றாள் முருகேஸ்வரி. "தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு இது வந்தா, அது தாய் செஞ்ச தப்பா?"

டாக்டர் நறுமுகையைப் பார்த்தார். நறுமுகை தலையசைத்தாள்.

"இல்லம்மா. யாரோட தப்பும் இல்ல. அந்தத் தாய்க்கு அது தன் உடம்புல இருக்கிறதே தெரியாது."

"பிள்ளை செத்துப்போயிருந்தா?"

"செத்துப்போயிருந்தாலும் அவ தப்பு இல்ல."

முருகேஸ்வரி தலையை ஆட்டினாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடும்போது விரல் இரண்டு முறை தப்பாகப் போனது. மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தது கேட்டது.

"நான்தான். ஒரு நிமிஷம் லைன்லயே இரு. வச்சுடாத" என்று சொல்லிவிட்டு, போனை டாக்டரிடம் நீட்டினாள்.

"இப்ப என்கிட்ட சொன்னதை இவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க டாக்டரம்மா. நீங்க சொன்னாத்தான் நம்புவா."

"யாரும்மா லைன்ல?"

"என் மக" என்றாள் முருகேஸ்வரி. "ஒரு பிள்ளை பெத்தவ."